கம்பெனி செட்டைக் கழற்றியவள்

தருவைமேட்டுக்குப் பிரியும் மண்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் பாக்கியசீலியின் வண்டி தானாக வேகம் குறைந்து நின்றுவிட்டது. பேட்டரி நிறைய இருந்தது. டயரில் காற்று இருந்தது. பின்னால் தண்ணீர் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அமைதியாயின. டேஷ்போர்டின் நடுவிலிருந்த செட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்து, ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது.

"இந்தச் சாலை சிவப்பு. உங்கள் பாதுகாப்புக்காக வண்டி நிறுத்தப்பட்டுள்ளது. தயவுசெய்து திரும்பிச் செல்லவும்."

சீலி ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி அசையவில்லை. ரிவர்ஸ் போட்டதும் சமர்த்தாகப் பின்னால் போனது.

அவள் தூத்துக்குடியில் தண்ணீர் கேன் போடுகிறவள். புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன்; ஊருக்கு வருவது விருந்தாளி வருவது மாதிரி. பிக்கப் வண்டி அவள் பெயரில் இருந்தது, ஓட்டுவதும் அவள்தான். அவளிடம் தண்ணீர் வாங்குகிறவர்களில் மற்றவர்களுக்கெல்லாம் அவள் வராவிட்டால் இன்னொருத்தன் வருவான். தருவைமேட்டுக்கு அப்படி யாரும் இல்லை. அங்கே இருப்பவர்கள் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். கிணறு தோண்டினால் உப்பு, போர் போட்டால் அதைவிட உப்பு. ஒரு தேர்தல் சமயத்தில் குழாய் போட்டார்கள். திறந்தால் அதில் காற்று வரும்.

வண்டியோடு வந்த அந்தக் கம்பெனி செட்டைப் பற்றி அதுவரை சீலிக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டுக்காக வைத்தது என்றுதான் பெயர். ஆனால் சில வருஷங்களாக வரும் எல்லா வண்டிகளிலும் அந்தச் செட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இங்கே பள்ளம், இங்கே மாடு, இங்கே ஒருத்தன் திடீரென்று பிரேக் போட்டான் என்று ஒவ்வொரு வண்டியும் தான் கண்டதை மற்றதற்குச் சொல்லும். எல்லாவற்றையும் சேர்த்து ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு யந்திரம் சாலைகளுக்கு நிறம் கொடுக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. விபத்துகள் குறைந்தது உண்மை. ஒரு மழைநாளில் வளைவில் விளக்கில்லாமல் நின்ற லாரியை அவள் பார்ப்பதற்கு முன்னால் செட்டு பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறது. அன்றைக்கு அவள் அந்தச் செட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது அதே செட்டு அவளைத் தருவைமேட்டு முக்கில் நிறுத்திவிட்டது.

முதலில் சில நாட்கள் அவள் தார்ச்சாலையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டாள். பெண்கள் நடந்துவந்து கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உப்பளத்தில் விடியும் முன் இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறி, அதற்கு மேல் இந்த நடை. முத்துக்கனி என்பவள் தலையில் ஒரு கேன், இடுப்பில் ஒரு குடம் என்று போனவள் பாத்தி வரப்பில் கால் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. உப்பு வாருவதற்குக் கை வேண்டும். நல்ல வெயில் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்த வருஷமே போனமாதிரி.

சீலி மறுநாள் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறவர் பெயர் கிருபாகரன். மரியாதையான ஆள். ஏசி அறையில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, கம்ப்யூட்டரில் தருவைமேட்டைத் தேடி எடுத்தார். அந்தச் சாலையில் விபத்தோ திருட்டோ நடந்ததில்லை என்று அவரே சொன்னார். அங்கே வண்டிகள் அதிகம் போவதில்லை, செல்போன் கோபுரம் இல்லை. அதனால் அந்தச் சாலையைப் பற்றி யந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத சாலையை அது சமீபத்தில் சிவப்பில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறது.

"வண்டி போகாததுனால சிவப்பு. சிவப்பா இருக்கதுனால வண்டி போகாது. அப்படித்தானே?" என்று கேட்டாள் சீலி.

கிருபாகரன் சங்கடமாகச் சிரித்தார். "யார் இப்படி முடிவெடுத்தாங்கன்னு நீங்க கேட்டா, என்னால கைகாட்ட முடியாது மேடம். யாரும் முடிவெடுக்கலை. அதுவா வர்றது."

"யாரும் எடுக்கலைன்னா நான் எடுக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். காபியைக் குடிக்கவில்லை.

கார் செட்டு விற்கும் மீரானின் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஸ்பீக்கர், சீட் கவர், ரிவர்ஸ் கேமரா என்று கலகலப்பாக இருந்த கடை. கம்பெனி செட்டுகள் வந்த பிறகு யாரும் வெளி செட்டு மாட்டுவதில்லை. மீரான் இப்போது பெரும்பாலும் வண்டிக்குள் போடும் மிதியடிதான் விற்றுக்கொண்டிருந்தார். கம்பெனி செட்டைக் கழற்றி வெளி செட்டு மாட்ட வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் முதலில் வந்தது ஆசை, அடுத்து வந்தது பயம். சட்டத்தில் தடை இருக்கிறதா என்று அவள் கேட்டாள். தடை இல்லை, இதைக் கழற்ற ஒருத்தி வருவாள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது என்றார்.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க சீலிம்மா. அது வெறும் பாட்டுச் செட்டு இல்ல. வண்டிக்கு அதுதான் வாய், அதுதான் காது. கழட்டிட்டா வண்டி ஊமை. ரோட்ல மத்த வண்டி கூப்பிடும், இது பதில் சொல்லாது. பதில் சொல்லாத வண்டியைப் பாத்தா மத்ததெல்லாம் பயப்படும்."

"பயப்படட்டும்."

"ஓட்டுறது நீங்கதான். லாரி விளக்கில்லாம நின்னா நீங்கதான் பாக்கணும்."

"எனக்குக் கண்ணு இருக்கு பாய்" என்றாள் அவள். சொல்லும்போது அந்த மழைநாள் நினைவுக்கு வந்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

மீரான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார். டேஷ்போர்டின் பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்து, திருகுகளைக் கழற்றி, செட்டைத் தன் பக்கம் இழுத்தார். பின்னால் கொத்தாக வயர்கள். கடைசி வயரை உருவியதும் வண்டி மொத்தமாகச் செத்துப்போனது. கதவின் கண்ணாடிகூட இறங்கவில்லை. செட்டு இருந்தால்தான் உயிர் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றார் மீரான். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை வயருக்கு நடுவில் பொருத்தினார். செட்டு உள்ளேயே இருக்கிறது என்று வண்டியிடம் ஓயாமல் பொய் சொல்வது மட்டும்தான் அந்தப் பெட்டியின் வேலை. பல தடவை பொய் எடுபடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாக எடுபட்டது.

வெளி செட்டு பெரியது, பெயர் கேள்விப்படாத கம்பெனி. டச் ஸ்கிரீன் பளபளவென்று இருந்தது, ஓரத்தில் சட்டம் சரியாக உட்காராமல் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது. வரைபடத்தைத் திறந்தாள். தூத்துக்குடியின் சாலைகள் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. துறைமுகச் சாலையும் வெள்ளை, தருவைமேட்டுச் சாலையும் வெள்ளை. அவள் அதை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் வண்டி தருவைமேட்டு வாசல்களுக்குப் போனது. மாவுக்கட்டோடு நின்ற முத்துக்கனி இடது கையால் வண்டியின் முகத்தைத் தட்டிக்கொடுத்தாள். சீலி பாட்டைச் சத்தமாக வைத்தாள்.

மீரான் சொன்னது மறுநாளே நடந்தது. அவள் வண்டியைக் கண்டதும் எதிரே வந்த கார்கள் திடுக்கிட்டு ஒதுங்கின. பின்னால் வந்தவை தூரத்திலேயே பதுங்கின. லாரிகள் அவளுக்கு வழிவிட்டு ஓரமாக ஊர்ந்தன, உள்ளே டிரைவர்கள் எதற்கென்று தெரியாமல் விழித்தார்கள். அவளுக்கு முதலில் சிரிப்பாக வந்தது. ஊர்ப் பெரியமனுஷி போகிற மாதிரி இருந்தது.

சிரிப்பு அந்த வாரமே அடங்கியது. சீலி குடியிருந்தது தேவசகாயம் என்பவரின் மாடி வீட்டில். கீழே அவரும் அவர் மனைவி கிரேஸும் இருந்தார்கள். கிரேஸ் தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் சில நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரி வேன் வந்து அழைத்துப்போகும். அன்று வேன் வரவில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டு, ஆபீஸிலிருந்து உத்தரவு வந்ததும் திரும்பிப் போய்விட்டது. தெரு சிவப்பாகியிருந்தது. பதில் சொல்லாத வண்டி ஒன்று தினமும் வந்து நிற்கும் தெரு.

தேவசகாயம் மாடிக்கு வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. வண்டியை வேறெங்காவது நிறுத்திக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார். வேன் திரும்பிப் போனதை அப்புறம்தான் சொன்னார். சீலி செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடி, கிரேஸைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

வழி முழுக்க மற்ற வண்டிகள் விலகிக்கொண்டே இருந்தன. கிரேஸின் முகம் வீங்கியிருந்தது. மூச்சு இரைத்தது.

"உன் நியாயம் எனக்குப் புரியாம இல்ல சீலி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "ஆனா உன் நியாயத்துக்கு என் ரத்தத்தையா காக்க வைப்பே?"

சீலி அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் ஓடிவந்து, அவள் வண்டி நின்றால் ஆம்புலன்ஸ்கள் உள்ளே வரத் தயங்கும், உடனே எடு என்றான். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மீரான் கடைக்குப் போனாள். பழைய செட்டையே மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கடை வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். தோற்றுப்போனதை அவள் ஒப்புக்கொள்வது அபூர்வம். அன்றைக்கு ஒப்புக்கொண்டாள்.

மீரான் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். உடனே வேலையைத் தொடங்கவில்லை. தெருவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். இவள் வண்டி இங்கே நின்றதிலிருந்து அவர் கடைத்தெருவும் மஞ்சளாகிவிட்டதாம். இன்னும் ஒரு நாள் நின்றால் சிவப்பாகும், மிதியடி வாங்கவும் ஆள் வராது என்றார்.

சீலி நிமிர்ந்தாள். "எங்க நின்னாலும் ஆகுமா பாய்?"

"எங்க நின்னாலும்தான். அதுக்கென்ன ஊரு தெரியுமா, ஆளு தெரியுமா?"

"கலெக்டர் ஆபீஸ் ரோடு?"

"ஆகும்."

"துறைமுக ரோடு?"

மீரான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் பழைய செட்டை அட்டைப்பெட்டியில் போட்டு மேல் பரணில் ஏற்றினார்.

மறுநாள் காலை சீலி வண்டியைக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டரின் எதிரே, சாலையோரத்தில், எல்லாரும் வண்டி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் போட வாடகைக்கு, செட்டே இல்லாத ஒரு பழைய ஆட்டோவைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்பாள். அவள் குடியிருந்த தெரு மெல்லப் பச்சைக்குத் திரும்பியது, கிரேஸுக்கு வேன் வந்தது. சர்வீஸ் சென்டர் சாலை மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. பழுது பார்க்க வந்த வண்டிகள் முக்கிலேயே நின்றன. சென்டரை ஒட்டியிருந்த ஷோரூமிலிருந்து புது வண்டியை எடுத்து மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிய ஒரு குடும்பம் வாசலைத் தாண்டியதும் நின்றுபோய், செட்டு இனிமையாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

போலீஸ் வந்தது. நிறுத்தக்கூடாத இடத்தில் அவள் நிறுத்தவில்லை, வண்டிக்கு எல்லாப் பத்திரமும் சரியாக இருந்தது. வந்த ஏட்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தன் மாமனார் ஊர்ச் சாலையும் சிவப்புதான் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஏட்டின் மாமனார் ஊர் மாதிரி பல ஊர்கள் இருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. மீன் ஏற்றுகிறவர்கள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், பந்தல் சாமான் ஏற்றுகிறவர்கள் என்று ஒவ்வொருத்தராக மீரான் கடைக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போக முடியாத ஒரு சாலை இருந்தது. மீரான் ஷட்டரை முழுதாகத் திறந்தே வேலை செய்தார். ஊமை வண்டிகள் பெருகின. யாரும் கோஷம் போடவில்லை, மறியல் செய்யவில்லை. வண்டியை ஓர் இடத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் சாலை சிவந்தது. துறைமுகச் சாலை சிவந்தது. பெரிய பெரிய கன்டெய்னர் லாரிகள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் யாரும் நிறுத்தக்கூடாது என்று சீலி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதை மீறி நிறுத்திய ஒருத்தனின் சாவியைப் பிடுங்கி அவளே வண்டியை எடுத்து அப்பால் விட்டாள்.

ஒரு சாயங்காலம் தேவசகாயம் சர்வீஸ் சென்டர் எதிரே வந்து, பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருப்பதாகவும், கிரேஸ் கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னார். வேறு ஏதாவது சொன்னாளா என்று சீலி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, சர்க்கரை மட்டும் தூக்கலாகப் போட்டாள் என்றார்.

அவர் இருக்கும்போதே கிருபாகரன் சாலையைக் கடந்து வந்தார். சில நாளில் இளைத்துப்போயிருந்தார். மேலிடத்தில் பேசிவிட்டதாகச் சொன்னார். அவள் வண்டிக்குக் கம்பெனி செட்டை இலவசமாகத் திரும்பப் பொருத்தித் தருவார்கள். அவளுக்கு மட்டும் தனி அனுமதி: எந்தச் சிவப்புச் சாலையிலும் அவள் வண்டி நிற்காது. இப்படி ஒரு சலுகை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

சீலி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "தருவைமேட்டுல ஒரு பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா ஆம்புலன்ஸ் வருமா?"

"அது வேற விஷயம் மேடம். அதுக்குத் தனியா மனு..."

"எனக்கு எதுக்கு சார் அனுமதி? நான்தான் போயிட்டு வந்துட்டு இருக்கேனே. அவங்க ரோட்டுக்குக் குடுங்க."

"நீங்க ஒருத்தர் பிடிவாதத்துல எத்தனை பேருக்குக் கஷ்டம்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றாள் அவள். பக்கத்தில் நின்ற தேவசகாயத்தை ஒரு தடவை பார்த்தாள். "யோசிச்சுத்தான் வண்டியை இங்கன கொண்டாந்து நிறுத்தினேன்."

கிருபாகரன், தானும் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

துறைமுகத்தில் கப்பல்கள் காத்துக்கிடந்த செய்தி டெல்லி வரைக்கும் போனது. தருவைமேட்டுப் பெண்கள் தண்ணீர் சுமந்தது எந்தச் செய்தியிலும் வரவில்லை. ஒரு காலையில் எல்லாக் கம்பெனி செட்டுகளிலும் அந்த இனிமையான குரல் ஓர் அறிவிப்பு சொன்னது. அரசாங்கத்தில் பதிவான குடியிருப்புகளுக்குப் போகும் சாலைகள் இனி சிவப்பில் சேராது. பேசாத வண்டிகளால் சாலையின் நிறம் மாறாது. மன்னிப்பு எதுவும் இல்லை. வாடிக்கையாளர்களின் வசதிக்காக என்று இருந்தது. வண்டிக்காரர்களில் பலர் வெளி செட்டைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டார்கள். மழைக்காலம் வருகிறது, விளக்கில்லாத லாரிகள் இருக்கின்றன என்றார்கள். சீலி அவர்களைக் குறை சொல்லவில்லை. அவள் மாற்றவில்லை.

கேன்களை ஏற்றிக்கொண்டு அவள் தருவைமேட்டுக்குப் போனபோது மண்சாலையில் டயர்த் தடங்கள் நிறைய இருந்தன. காலனிக்குள் ஒரு புத்தம்புது தண்ணீர் வண்டி நின்றது. நகரத்தில் பெரிய அளவில் தொழில் செய்கிற ஆளுடையது. சீருடை போட்ட இரண்டு பேர் வீட்டுக்குள் வரைக்கும் கேனைக் கொண்டுபோய் வைத்தார்கள். விலையும் அவளுடையதைவிடக் குறைவு.

முத்துக்கனி வாசலுக்கு வந்தாள். கட்டுப் பிரித்திருந்தார்கள், மணிக்கட்டு மெலிந்து வெளுத்திருந்தது. அவளால் சீலியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பச்சையானதும் அன்னைக்கே வந்துட்டாங்கக்கா. பிள்ளைங்க பள்ளிக்கூட வேன், பார்சல்காரன், வட்டிக்காரன்கூட வந்துட்டான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வீட்டுல அவருதான்..."

"ஒரு தம்ளர் தா, குடிச்சுப் பாக்கேன்" என்றாள் சீலி.

குடித்தாள். நல்ல தண்ணீர். அவளுடையதைவிட ஒரு துளி நன்றாகவே இருந்தது. தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பின்னால் கேன்கள் அத்தனையும் நிறைந்தபடி இருந்தன.

முத்துக்கனி ஜன்னலருகே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கொழுந்தன் செங்கல் சூளைக்கு டிராக்டரில் மண் அடிக்கிறவனாம். சூளைக் கொட்டகைகளில் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. எந்தப் பதிவிலும் அவர்கள் இல்லை. அந்தப் பாதை இன்னும் சிவப்புதான். சூளை முதலாளியின் டிராக்டரைத் தவிர வேறொன்றும் போவதில்லை. செங்கல்லுக்கு எடுக்கிற குட்டைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் சீலி.

முத்துக்கனி கை நீட்டினாள். மெலிந்த அந்தக் கையாலேயே நீட்டினாள்.

தார்ச்சாலையில் ஏறியதும் எதிரே வந்த கார் ஒன்று அவள் வண்டியைக் கண்டு வழக்கம்போல மிரண்டு ஒதுங்கியது. அவள் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனாள். சூளைக்குத் திரும்பும் இடத்தில் பாதை என்று ஒன்றும் பெரிதாக இல்லை, டிராக்டர் உழுத இரண்டு பள்ளங்கள். வெள்ளைக் கோடுகூட இல்லாத வெற்றுத் திரையில் வண்டியின் அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. கேன்கள் குலுங்கின. பாதை அவளை எங்கும் நிறுத்தவில்லை.

முதலில் நாய்கள் ஓடிவந்தன. அவற்றின் பின்னால் செம்மண் படிந்த கால்களோடு பெண்கள் கொட்டகைகளிலிருந்து வெளியே வந்து, வண்டியைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். சீலி இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். என்ன மொழியில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கேனை இழுத்து, அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினாள். ஒருத்தி திரும்பிக் குடம் எடுக்க ஓடினாள்.